செம்மழையும் விண்வித்தும்



மழை பெய்தது என்றால் மலையாள நாட்டில் யாரும் வியப்பதில்லை. இடவ மாதத்தின் நடுவில் தொடங்கும் பருவமழை, நாம் ஆடி என்றும் அவர்கள் கர்க்கடகம் என்றும் வழங்கும் மாதத்தில் ஓயாது பொழியும். அத்தகைய நாட்டில், 2001-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள், கோட்டயம் மாவட்டத்துச் சங்கனாச்சேரியில் பெய்த மழையைக் கண்டு மக்கள் திகைத்து நின்றனர். அம்மழை செந்நிறமாக இருந்தது. துணிகளில் பட்ட இடமெல்லாம் சாயம் ஏறியது. பிடித்து வைத்த நீர், நீர்த்த குருதியைப் போலத் தோன்றியது. மழைக்குச் சற்று முன்னர்ப் பேரோசை ஒன்று கேட்டதாகவும், வானில் ஒளி மின்னியதாகவும் சிலர் கூறினர். மரங்கள் கருகிய இலைகளை உதிர்த்தன என்றும், கிணறுகள் சில திடீரென மறைந்தன என்றும் செய்திகள் பரவின.

அன்று தொடங்கிய செம்மழை செப்டம்பர் 23 வரையில் விட்டு விட்டுப் பெய்தது. கோட்டயம், இடுக்கி மாவட்டங்களில் மிகுதி. பிற இடங்களில் ஆங்காங்கே. ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் இருபது நிமிடங்களுக்குள் ஓய்ந்துவிடும். சில சதுரக் கிலோமீட்டர்களுக்கு மேல் அது பரவியதில்லை. ஓரிடத்தில் செம்மழை பெய்யும்போதே சில மீட்டர் தொலைவில் வழக்கமான மழை பெய்ததாகவும் கண்டவர்கள் கூறியுள்ளனர்.

குருதி மழை என்பது மனித இனத்தின் பழைய அச்சங்களுள் ஒன்று. வான்மீகி இராமாயணத்தில் கரன் படையெடுத்துப் புறப்படும் நேரத்தில், மேகம் குருதி கலந்த நீரைப் பொழிந்ததாக வருகிறது. கிரேக்க மகாகவி ஹோமரின் இலியட் காவியத்திலும், தன் மகன் போர்க்களத்தில் மடியப்போவதை அறிந்த தேவர் தலைவன் குருதித் துளிகளைப் பெய்விக்கிறான். நாடும் மொழியும் வேறானாலும் இருவரும் கண்ட பொருள் ஒன்றே: அழிவு வரப்போகிறது என்பதற்கு அது அறிகுறி. நம் காலத்தில் அந்த அச்சம் முற்றிலும் அகன்றுவிடவில்லை. வேறோர் உடையை உடுத்துக்கொண்டது. கேரளத்துச் செம்மழையில் வந்தவை வேற்றுலக உயிர்கள் என்றும், வால் நட்சத்திரத்தில் உறங்கிக் கிடந்த அவை இங்கே மீண்டும் உயிர் பெறுகின்றன என்றும் ஒரு செய்தி உலகெங்கும் சென்றது. இது வீண் வதந்தியாக மட்டும் இருந்திருந்தால் இன்று நாம் பேச வேண்டுவதில்லை. கற்றறிந்த விஞ்ஞானிகளே அதனைக் கட்டுரையாக எழுதினர். அந்தக் கூற்று எவ்வாறு எழுந்தது, எவ்வாறு சோதிக்கப்பட்டது, அச்சோதனையில் திருவனந்தபுரம் நகரின் பங்கு யாது என்பவற்றையே இப்பேச்சில் கூற விழைகிறேன்.

திருவனந்தபுரத்துக்கும் விண்ணுக்கும் உள்ள உறவு நெடுநாளையது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில், 1837-ஆம் ஆண்டு, அந்நகரில் வானாய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், நகரை அடுத்த தும்பாக் கடற்கரையிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் வானில் ஏறியது. இப்படி விண்ணை நோக்கியே பழகிய ஊரிடம், 2001-இல், விண்ணிலிருந்து விழுந்ததாகச் சொல்லப்பட்ட பொருள் ஒன்று விடை கேட்டு வந்தது. மழைநீர் மாதிரிகள் நகரின் ஆக்குளம் பகுதியிலுள்ள புவி அறிவியல் ஆய்வு மையத்துக்குக் கொண்டுவரப்பட்டன. 1978-இல் கேரள அரசு தோற்றுவித்த இம்மையம், 2014-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் கீழ்த் தேசிய மையமாக இயங்கி வருகிறது.

அம்மையத்தார் முதலில் வெளியிட்ட கருத்து, எரிகல் ஒன்று வானில் வெடித்துச் சிதறியிருக்கலாம் என்பதாகும். பேரோசையும் ஒளியும் கண்டதாக மக்கள் கூறியது இதற்கு இசைந்தது. ஏறத்தாழ ஆயிரம் கிலோகிராம் பொருள் சிதறியிருக்கும் என்று கணக்கும் கூறினர். ஆனால் சில நாட்களிலேயே அக்கருத்தை அவர்களே திரும்பப் பெற்றனர். காரணங்கள் இரண்டு. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, செந்துகள்கள் கல்லின் பொடியாகத் தோன்றவில்லை. தாவர இனத்தின் நுண்வித்துகளைப் போல உருண்டும் நீண்டும் தடித்த தோலுடன் காணப்பட்டன. மேலும், எரிகல்லின் தூசி மேல்வானத்தில் தங்கியிருந்தால் காற்று அதனைப் பல திசைகளிலும் கொண்டு போயிருக்கும். வாரக்கணக்கில் அதே வட்டாரத்தின் மேலேயே நின்று, மழைதோறும் இறங்கிக்கொண்டிராது. அறிவித்த கருத்தை விடாப்பிடியாகக் காப்பாற்றுவதைவிட, கண்ட சான்றுக்குத் தலைவணங்குவது மேல் என்று அவர்கள் நடந்துகொண்டது, அந்த ஆராய்ச்சியின் முதற் சிறப்பு என்பேன்.

இங்கே நுண்வித்து என்னும் சொல்லைச் சற்று விளக்குதல் வேண்டும். ஆங்கிலத்தில் ஸ்போர் என்பர். பாசி, பூசணம் முதலிய எளிய உயிர்கள் தம் இனத்தைப் பரப்புவதற்காக வெளிவிடும் மிக நுண்ணிய துகளே அது. மாமரம் விதை தருவது போல இவை நுண்வித்துத் தருகின்றன. காலம் கூடிவரும் வரையில் அது உயிரற்றது போலக் கிடக்கும். ஈரமும் ஒளியும் உணவும் வாய்த்தால் முளைத்தெழும். செம்மழையில் கண்ட துகள்களின் விட்டம், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அக்கூறுகளில் நான்கு முதல் பத்து வரையே. ஒரு மில்லிலிட்டர் நீரில் அவை ஏறத்தாழத் தொண்ணூறு இலட்சம் இருந்தன என்று ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். ஒரு சிறு கரண்டி நீரில் ஒரு பெரும் மாநகரின் மக்கள்தொகை!

துகள்கள் உயிர்ப்பொருளாயின், அவை எந்த உயிர் என்று அறிவதற்குச் சிறந்த வழி, அவற்றை முளைக்கச் செய்து பார்ப்பதே. ஆக்குளத்து மையத்தார் அப்பணியைப் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்திடம் ஒப்படைத்தனர். திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் மலைச்சாலையில் பயணம் செய்த திருநெல்வேலித் தமிழர்களுக்குப் பாலோடு புதிய பெயராக இராது. நெடுமங்காட்டுக்கு அப்பால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், காட்டின் நிழலில் இருக்கிறது அந்நிலையம். 1979-இல் தொடங்கப்பட்ட அது இன்று ஜவாஹர்லால் நேருவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அங்கே செய்த சோதனை எளியது. ஆயினும் மனத்தைக் கவர்வது. பாசிக்கும் பூசணத்துக்கும் உகந்த உணவுக் கரைசலைக் கண்ணாடித் தட்டுகளிலும் குடுவைகளிலும் இட்டு, அதில் செம்மழையின் துகள்களைச் சேர்த்தனர். மூன்று முதல் ஏழு நாட்கள் வைத்திருந்து, வளர்ந்தவற்றை நுண்ணோக்கியில் பார்த்தனர். வானிலிருந்து வீழ்ந்த அந்தத் துகள்கள் உயிர் பெற்று எழுந்தன. எழுந்தது டிரென்டிபோலியா என்னும் இனத்தைச் சேர்ந்த பாசி. வேற்றுலகத்து எச்சம் என்று ஊர் பேசிய பொருள், உயிர் பெற்றவுடன் தன் குலத்தைத் தானே சொல்லிவிட்டது என்று கூறலாம்.

டிரென்டிபோலியா விசித்திரமான பாசி. தாவரவியலார் இதனைப் பச்சைப்பாசி வகுப்பிலேயே சேர்ப்பர். ஆனால் பார்வைக்கு இது பச்சையாக இராது. காரட் கிழங்குக்கு நிறம் தரும் பொருளின் இனத்தைச் சேர்ந்த சாயம் இதனுள் நிறைந்திருப்பதால், ஆரஞ்சு நிறமாகவோ செங்கல் நிறமாகவோ காணப்படும். நீரில் மிதந்து வாழ்வதை விட்டு, மரப்பட்டையிலும் பாறையிலும் சுவரிலும் படர்ந்து வாழும். பூசணத்தோடு கூட்டுச் சேர்ந்து வாழ்வதும் உண்டு. அவ்வாறு பாசியும் பூசணமும் கூடி ஓருடலாய் வாழும் உயிரையே லைக்கன் என்பர். பெயர் புதிதாகத் தோன்றலாம். பொருள் நம் அடுக்களைக்குப் பழையது. செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்காகத் தாளிதத்தில் இடும் கல்பாசியும் ஒருவகை லைக்கனே. பூசணம் வீடு கட்டித் தரும். பாசி கதிரவன் ஒளியைக்கொண்டு உணவு சமைத்துத் தரும். இருவர்க்கும் வாழ்வு நடக்கும்.

பாசியின் இனம் தெரிந்துவிட்டது. அது சங்கனாச்சேரியில் உள்ளதா என்று பார்க்க வேண்டாவா? ஆகஸ்டு 16-ஆம் நாள் ஆய்வாளர்கள் அவ்வூருக்குச் சென்றனர். ஏறக்குறைய எல்லா மரங்களிலும் பாறைகளிலும், தெருவிளக்குக் கம்பங்களில்கூட, அந்தப் பாசியே படர்ந்திருந்ததைக் கண்டனர். மரங்களிலிருந்து லைக்கனைச் சுரண்டி வந்து அதே முறையில் வளர்த்தனர். மழைநீரிலிருந்து வளர்ந்ததும் மரப்பட்டையிலிருந்து வளர்ந்ததும் ஒரே இனப் பாசியாக இருந்தன. அவ்வாண்டு நவம்பரில் இரு நிலையங்களும் கூட்டாக அறிக்கை வெளியிட்டன. மழையின் செந்நிறத்துக்குக் காரணம் டிரென்டிபோலியாவின் நுண்வித்துகளே என்றும், எரிகல் தூசியோ எரிமலைச் சாம்பலோ பாலைவனப் புழுதியோ காரணம் அன்று என்றும் அவ்வறிக்கை கூறியது. அதற்கு முந்திய வாரங்களில் பெய்த பெருமழையால் லைக்கன் செழித்து வளர்ந்து, அளவிறந்த நுண்வித்துகளை வெளியிட்டிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அறிக்கை எழுதியோர் மற்றொரு நேர்மையும் காட்டினர். இத்தனை லைக்கன்களும் ஒரே காலத்தில் நுண்வித்து வெளியிடுதல் எளிதில் நிகழக்கூடியது அன்று என்பதை அவர்களே ஒப்புக்கொண்டனர். மரத்தில் இருந்த வித்து மேகத்துக்கு ஏறியது எப்படி? ஏறியது பரந்து சிதறாமல் சிறு வட்டாரத்தில் இறங்கியது எப்படி? இவ்வினாக்களுக்கு முழு விடை இனிமேல்தான் காண வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதினர்.

விடை காணாத அந்த இடைவெளியில்தான் மற்றக் கருத்து நுழைந்தது. கோட்டயத்து மகாத்மா காந்திப் பல்கலைக்கழகத்தில் அந்நாளில் இயற்பியல் துறையில் இருந்த காட்ஃப்ரி லூயிஸ் என்பாரும் சந்தோஷ் குமார் என்பாரும் செம்மழை பெய்த பல ஊர்களின் செய்திகளைத் திரட்டி, மாதிரிகளையும் சேர்த்து ஆராய்ந்தனர். நூறு கிலோமீட்டருக்கு மேல் விலகிய இடங்களிலும் ஒரே வகைத் துகள் இருப்பதைக் கண்டனர். மொத்தம் ஐம்பதாயிரம் கிலோகிராம் அளவில் அவை விழுந்திருக்க வேண்டும் என்று கணித்தனர். இவ்வளவு பொருளை உள்ளூர்ப் பாசி தந்திருக்க இயலாது, செம்மழை நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை முதற் சில நாட்களிலேயே செறிந்திருந்தன, பேரோசையும் கேட்டது, ஆதலின் வால் நட்சத்திரத்தின் துண்டொன்று வானில் உடைந்து, தான் சுமந்துவந்த உயிர் அணுக்களை மேகத்தில் தூவியிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். 2003-இல் இக்கருத்தை முதலில் வெளியிட்டனர். 2006-இல் வான்இயற்பியல் ஏடு ஒன்றில் அவர்களுடைய கட்டுரை வந்ததும் உலகப் பத்திரிகைகள் அனைத்தும் கேரளத்தை நோக்கித் திரும்பின.

உயிர் என்பது விண்வெளியில் வித்தாகப் பரவி உலகங்களில் முளைக்கிறது என்னும் கொள்கை புதியதன்று. சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ் 1903-இல் இதனை எடுத்துரைத்தார். பின்னர் பிரிட்டனின் பிரெட் ஹாயிலும், கொழும்பில் பிறந்து அந்நாட்டில் பேராசிரியராக விளங்கிய சந்திர விக்கிரமசிங்கேயும் இதற்குப் பெருவாதிகளாயினர். செம்மழை பெய்துகொண்டிருந்த அதே 2001 ஆகஸ்டு 20-ஆம் நாள் ஹாயில் காலமானார். விக்கிரமசிங்கே கேரளத்துத் துகள்களில் பேரார்வம் கொண்டார். அவரும் லூயிஸ் குழுவினரும் பிறரும் சேர்ந்து 2010-இல் அளித்த கட்டுரைதான் நம் தலைப்புக்கு நேரானது. சாதாரண வெப்பத்தில் அசைவற்றுக் கிடக்கும் செந்துகள்கள், 121 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் வைத்தபோது சேய் அணுக்களை ஈன்று பெருகத் தொடங்கின என்று அது கூறியது. 300 பாகையிலும் அவை பெருகும் என்று லூயிஸும் குமாரும் முன்னரே எழுதியிருந்தனர். விண்ணின் எச்சம் உயிர்த்தெழுகிறது என்னும் செய்தி இவ்வாறு பிறந்தது.

இதனை நாம் எள்ளி நகையாட வேண்டுவதில்லை. எடைபோட்டுப் பார்க்க வேண்டும். 121 பாகை என்பது என்ன? நம் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் வெப்பம் ஏறத்தாழ அவ்வளவே. மருத்துவமனைகளில் கத்தியையும் ஊசியையும் கிருமி நீக்கும் கலத்தில் வைக்கும் வெப்பமும் அதுவே. அவ்வெப்பத்தில் நோய்க்கிருமிகள் மாளும் என்னும் உறுதியின் மேல்தான் அறுவைச் சிகிச்சையே நடைபெறுகிறது. எனினும் உயிர் எங்குமே அதைத் தாங்காது என்று சொல்ல இயலாது. இந்துமாக்கடலின் அடியில் வெந்நீர் பீறிடும் பிளவொன்றிலிருந்து எடுத்த நுண்ணுயிர் 122 பாகையிலும் பெருகியதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2008-இல் காட்டியுள்ளனர். அது நம் உலகத்து உயிரே. ஆகவே, வெப்பத்தைத் தாங்குவது ஒன்றே வேற்றுலகப் பிறப்புக்குச் சான்றாகாது. 300 பாகையோ வேறு கதை. உயிரின் பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் பொருளும், உடலை ஆக்கும் புரதமும் அவ்வெப்பத்தில் சிதைந்துபோகும். அவ்வாறாயின் அத்துகளில் டி.என்.ஏ. இருக்கலாகாது, தாங்கள் தேடியபோது கிடைக்கவில்லை என்றே முதலில் கூறவும் பட்டது. ஆனால் அதே செந்துகள்களில் டி.என்.ஏ. உண்டு என்பதைக் காட்டும் கட்டுரை 2013-இல் நுண்ணுயிரியல் ஏடொன்றில் வெளிவந்தது. வேற்றுலக வாதத்தின் முக்கியத் தூண் ஒன்று அத்துடன் சாய்ந்தது. விண்வித்து என்னும் முடிவை விஞ்ஞான உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை.

உறங்கிய உயிர் எழுவதே ஒரு வியப்புத்தான். அதற்கு வேற்றுலகம் தேவையில்லை. இஸ்ரேல் நாட்டு மசாடா மலைக்கோட்டையில் 1960-களில் தோண்டியெடுத்த பேரீச்சை விதை, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு உறங்கிய பின், 2005-இல் நட்டபோது முளைத்தது. விண்ணிலிருந்து வந்ததாக எண்ணிய விதையோ நம்மை ஏமாற்றியதும் உண்டு. 1864 மே மாதத்தில் பிரான்சு நாட்டின் ஓர்கேய் என்னும் ஊரருகே விண்கற்கள் வீழ்ந்தன. அவற்றுள் ஒன்று கண்ணாடிக் கலத்தில் மூடப்பட்டு, நூறாண்டுக் காலம் காட்சிச் சாலையில் இருந்தது. 1960-களில் அதைத் திறந்து ஆராய்ந்தபோது உள்ளே தாவர விதைகள் தென்பட்டன. வேற்றுலகத்து விதைகளோ என்று எண்ணும் முன்னர், ஆய்வாளர்கள் மேலும் நுணுகிப் பார்த்தனர். அவை ஐரோப்பாவிலேயே வளரும் ஒரு கோரை இனத்தின் விதைகள். நிலக்கரித் துணுக்குகளோடு சேர்த்து யாரோ கல்லினுள் பதித்து, பசை பூசி மறைத்திருந்தனர். குறும்பு செய்தவர் யாரென்று தெரியாது. சங்கனாச்சேரியில் எவரும் குறும்பு செய்யவில்லை; ஆயினும் பாடம் ஒன்றே. தொலைவிலுள்ளதைக் காரணமாகச் சொல்லும் முன் பக்கத்திலுள்ளதை எண்ணி முடித்துவிட வேண்டும். விளக்குக் கம்பத்தைச் சுரண்டிப் பார்த்தவர்கள் செய்தது அதைத்தான்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிபவன், விஞ்ஞானியல்லேன். சொற்களின் வழியாகவே இச்செய்தியை அணுகினேன். ஏலியன் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வேற்றுநாட்டான் என்றும், வேற்றுலகத்தான் என்றும் பொருள் உண்டு. தமிழில் அதனைப் பெயர்க்கப் புகுந்தால் அயல் என்னும் சொல் முன்வந்து நிற்கிறது. இச்சொல்லோ இருமுகம் கொண்டது. அயல்நாடு என்றால் கடலுக்கு அப்பால்; அயல்வீடு என்றால் கைப்பிடிச் சுவருக்கு அப்பால். மலையாளத்தில் அயல்காரன் என்றால் அடுத்த வீட்டுக்காரன் என்பதே பொருள். கேரளத்தில் குடும்பஸ்ரீ இயக்கத்தின் பெண்கள் தெருவுக்குத் தெரு கூடும் குழுவுக்கு அயல்கூட்டம் என்றே பெயர். செம்மழையின் துகள் தமிழ்ப் பொருளில் அயலாகத் தோன்றி, மலையாளப் பொருளில் அயலாக முடிந்தது என்று சொன்னால் அது வெறும் சொல்விளையாட்டு ஆகாது; நடந்ததன் சுருக்கமே ஆகும்.

ஆயினும் கதை அதனோடும் நிற்கவில்லை. பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீலிக்ஸ் பாஸ்டும் உடனுழைத்தோரும் கேரளச் செம்மழையின் பாசியை டி.என்.ஏ. முறையில் ஆராய்ந்து, 2015-இல் கட்டுரை வெளியிட்டனர். அது டிரென்டிபோலியா ஆனுலேட்டா என்னும் வகையென்றும், ஆஸ்திரியா நாட்டில் அறியப்பட்ட அவ்வகை இந்தியாவில் காணப்பட்டது அதுவே முதன்முறை என்றும் அவர்கள் கண்டனர். ஐரோப்பாவிலிருந்து மேகங்களோடு அரபிக்கடலைக் கடந்து நுண்வித்துகள் வந்திருக்கலாம் என்பது அவர்கள் கருதுகோள். இதுவும் இன்னும் சோதிக்கப்பட வேண்டிய கருத்தே. ஒருகால் மெய்யாயின், சங்கனாச்சேரியின் மரங்களில் உரிமையோடு படர்ந்திருந்த பாசியின் முன்னோர், வான்வழியே கடல் கடந்து வந்து, அந்த மழையையும் அந்த மரத்தையும் தமக்கு உகந்தனவாக ஆக்கிக்கொண்டவர்களாவர்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் குடியேறி வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கு இது அறிமுகமான வரலாறாகவே தோன்றும். எங்கிருந்தோ வந்தவர் என்று முதல் தலைமுறையில் சுட்டப்பட்டு, இரண்டாம் தலைமுறையில் தெருவின் பெயரோடு சேர்த்து அறியப்படுபவர் நம்மில் பலர். பாசியும் மனிதரும் ஒன்றல்லர். ஆனால் ஒரு பொருளை அயல் என்று முடிவு கட்டிவிட்டால், பிறகு அதனை உற்றுப் பார்ப்பதை நாம் நிறுத்திவிடுகிறோம் என்பது இரண்டுக்கும் பொருந்தும். அச்சமும் அங்கே பிறக்கிறது. கட்டுக்கதையும் அங்கே பிறக்கிறது.

இறுதியாக, நடைமுறைக்கு உதவும் செய்தி ஒன்று. நிறமுள்ள மழை கேரளத்துக்கு மட்டும் உரியதன்று. அங்கும் 1896-ஆம் ஆண்டிலேயே அது பதிவாகியுள்ளது. பிற்காலத்தில் 2012-இலும் பெய்துள்ளது. நீங்கள் வாழும் ஊரில் அவ்வாறு நிகழ்ந்தால், கூரையிலிருந்து வழியும் நீரை விட்டுவிட்டு, திறந்த வெளியில் தூய கண்ணாடிக் கலத்தில் நேராக விழும் நீரைப் பிடித்து மூடிவையுங்கள். நாளும் நேரமும் இடமும் எழுதி ஒட்டுங்கள். அருகிலுள்ள மரப்பட்டையிலும் சுவரிலும் செம்மை படிந்திருந்தால் அதிலும் சிறிது சுரண்டி, வேறு கலத்தில் தனியே வையுங்கள். சோதனை முடியும் வரையில் அந்நீரைக் குடிக்க வேண்டாம். இரண்டு கலங்களையும் அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையிடம் ஒப்படையுங்கள். மேகத்துக்கு வித்து ஏறியது எப்படி என்னும் வினா இன்னும் விடைக்குக் காத்திருக்கிறது. அவ்விடை உங்கள் வாசலில் பிடித்த ஒரு கலம் நீரிலிருந்தும் கிடைக்கலாம்.